வயிறு நிறைந்தால் படுத்துக்கொள்ளும் மோட்டார்

எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றால் குடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் வர வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் ஒரு படகில் ஏறி, நடு ஏரியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மோட்டாரை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன் என்றால் அது என்னை எவ்வளவு படுத்தியிருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது நினைத்தாலும் உடம்பெல்லாம் பரபரவென்று வருகிறது.

எங்களுக்குக் கள்ளக்குறிச்சியில் கடை. பம்புசெட்டும் பைக்கும் பழுதுபார்க்கிற கடை. என் வீட்டுக்காரர் உள்ளே ஸ்பானரோடு உட்கார்ந்திருப்பார், நான் முன்னால் ஸ்பேர் சாமான்களோடு உட்கார்ந்திருப்பேன். அவருக்குக் கை வேலை செய்யும், எனக்கு வாய். எங்கள் கடை வாசலில் காலையில் மீன் கூடையை இறக்குகிற ஓர் அக்கா இருக்கிறாள். கல்வராயன் மலைக்காரி. மலை மேலே அவள் வீட்டுக்காரர் சாமையும் மரவள்ளியும் போடுகிறார். இவளுக்கு என்னவோ மண்ணைவிடத் தண்ணீர்தான் பிடிக்கும். அடிவாரத்தில் இருக்கிற நீர்த்தேக்கத்தில் பரிசல் போட்டு, வலை விரித்து, கிடைத்ததை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். நாங்கள் அந்த நீர்த்தேக்கத்தை ஏரி என்றுதான் சொல்வோம்.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. வெயில் ஏறித் தண்ணீர் வற்ற வற்ற, மீனெல்லாம் எதிர்க்கரையோரம் இருக்கிற மடுவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆழமான இடம். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் அடிதடிதான் நடக்கும். அதனால் மீன் பிடிக்கிறவர்கள் முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு ஒருவருக்கு மடு, நாளைக்கு இன்னொருவருக்கு. ஒரே ஒரு நிபந்தனை: முறைக்காரர் தன் கையால் தானே அங்கே போய்த் தானே திரும்பி வர வேண்டும். முடியாதவருடைய முறை அடுத்தவருக்குப் போய்விடும். ஒரு தடவை போனால் போனதுதான், திரும்பக் கிடைக்காது.

அக்காவுக்குத் தோள்பட்டை போய்விட்டது. மேலே மரவள்ளி மூட்டையைத் தூக்கப்போய் ஏதோ பிசகி, துடுப்பைப் பிடித்து இழுத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒரு கோடை முழுக்க மற்றவர்கள் பாவம் பார்த்து அவளைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த கோடைக்கு முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கேட்டபோதே பற்றிக்கொண்டு வந்தது. "அந்த ஊர்ல மனுசங்களே இல்லியா?" என்றேன். அக்காவோ, "அவங்க மேல இன்னா தப்பு? சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான தங்கச்சி" என்று கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். வலது கையால் அல்ல, இடது கையால்.

அவளுடைய தம்பி கடலூர் துறைமுகத்தில் படகு வேலை செய்கிறவன். அக்காவின் நிலைமை தெரிந்து, எங்கேயோ ஓரமாகக் கிடந்த ஒரு சின்ன ஃபைபர் படகையும், பின்னால் மாட்டுகிற ஒரு பழைய மோட்டாரையும் வாங்கி, மினி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டான். உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தினார்களாம். "இன்னாபா, கள்ளக்குறிச்சி வரைக்கும் கடல் வந்துடுச்சா?" என்று லாரிக்காரர்களெல்லாம் கேட்டுச் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். அந்த ஏரிக்கு வந்த முதல் மோட்டார் படகு அதுதான்.

வந்த அன்றைக்குப் பூஜை. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, படகின் மூக்குக்கு ஒரு பொட்டு, மோட்டாரின் மண்டைக்கு ஒரு பொட்டு, பெட்ரோல் டேங்கின் மூடிக்கு ஒரு பொட்டு, துடுப்புக்கும் ஒரு பொட்டு. சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம். அன்றைக்கு மட்டும் என்றில்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா அவற்றுக்கெல்லாம் பொட்டு வைப்பாள். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள்.

முதலில் மோட்டார் பிரமாதமாக ஓடியது. கயிற்றை இழுத்தால் 'டுர்'ரென்று பிடித்துக்கொள்ளும். பங்குனி முடிகிற நேரத்தில்தான் சனியன் பிடித்தது. ஒரு நாள் கூடையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாக அக்கா சொன்னாள்.

"தங்கச்சி, மெக்கானிக்க இட்டுக்கினு வா. மோட்டாரு சரியில்ல. ஜோரா கெளம்புது, பாதி ஏரி தாண்டினா முக்குது, மொனகுது, அப்பால படுத்துக்குது. சத்து இல்ல."

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "நான் இன்னா கப்பல் மெக்கானிக்கா?"

"பம்புசெட்டு தண்ணிய இழுக்குது, அது தண்ணியில இழுக்குது. அவ்ளோதான வித்தியாசம்? கெளம்புங்க" என்றேன்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், சித்திரையில் அக்காவின் முறை வருகிறது. மீன் பிடிக்கிறவர்களுக்குத் தலைவர் என்று ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். மோட்டார் நடு ஏரியில் நின்றுபோய் அக்காவை யாரோ போய் இழுத்து வந்ததை அவர் பார்த்துவிட்டார். "மொறைக்கு முன்னாடி எங்க கண்ணு முன்னால ஒரு தபா தனியா போயி தனியா வா. வந்தா மடு உன்னுது. வரலன்னா அடுத்தவனுக்கு வுட்டுடணும்" என்று சொல்லிவிட்டார். முறை போனால் அக்காவுக்கு அந்த ஏரியில் வேலையே இல்லை. கோடையில் மடுவை விட்டால் வேறு எங்கே மீன்? மலை ஏறிப் போய்க் களை வெட்ட வேண்டியதுதான். அந்தத் தோளை வைத்துக்கொண்டு அதையும் எப்படிச் செய்வாள்?

போனோம். என் வீட்டுக்காரர் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். டேங்கு தனியாகப் படகின் தரையில் இருந்தது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மோட்டாருக்குப் போகிறது. குழாயின் நடுவே முட்டை அளவில் ரப்பர் குமிழ் ஒன்று. கிளப்புவதற்கு முன்னால் அதை நாலு தடவை அமுக்கினால் பெட்ரோல் மேலே ஏறும். கிளம்பிவிட்டால் மோட்டார் தானே உறிஞ்சிக்கொள்ளும். இவர் டேங்கு மூடியைத் திறந்து, விரலை விட்டு, முகர்ந்து பார்த்து, டாக்டர் மாதிரி தலையாட்டினார். "பெட்ரோல்ல தண்ணி கலந்துகீது." பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றினார். அக்கா கயிற்றை இழுத்தாள். அடேயப்பா, என்ன ஓட்டம்! ஏரியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நின்றாள். இவர் மீசையை நீவிக்கொண்டார். வீடு வரைக்கும் அந்தப் பெருமையையே பேசிக்கொண்டு வந்தார். நானும் சும்மா இருக்காமல் வழியில் வடை வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் போன். "படுத்துக்கிச்சு தங்கச்சி."

வடை தின்றவர் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு மோட்டாரையும் டேங்கையும் கழற்றி லோடு ஆட்டோவில் போட்டுக் கடைக்கே கொண்டுவந்தோம். வாசலில் ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் மோட்டாரைத் தொங்கவிட்டு, இவர் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், புதுப் பெட்ரோல் ஊற்றினார். தெருவே கூடிவிட்டது. குளமே இல்லாத தெருவில் படகு மோட்டார் ஓடினால் கூடாமல் என்ன செய்வார்கள்? கயிற்றை இழுத்ததும் டிரம் தண்ணீர் அப்படியே எழும்பி, கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டையில் அடித்தது. அவர் கத்தினார், இவர் கும்பிட்டார், மோட்டார் கர்ஜித்தது. "பாத்தியா சத்தத்த! இதுக்கா சத்து இல்ல?" என்று என்னைப் பார்த்து இவருக்கு ஒரே குதூகலம். கொண்டுபோய்ப் படகில் மாட்டினோம். போகும்போது ராணி மாதிரி போனாள் அக்கா. வரும்போது ஒற்றைக் கையால் துடுப்புப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தில் படகை ஓர் உதை விட்டேன். கால்தான் வலித்தது.

அன்றைக்கு அக்கா கரையில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டே ஒரு சங்கதி சொன்னாள். "நான் ஒண்ணு பாத்தேன், சொன்னா சிரிக்காதீங்க. பெட்ரோலு ஜாஸ்தியா ஊத்தினா சீக்கிரம் படுத்துக்குது. கம்மியா ஊத்தினா ரொம்ப தூரம் போவுது. வயிறு ரொம்பினா தூக்கம் வந்துடுது அதுக்கு."

இவர் சிரித்தே விட்டார். "அக்கா, எந்த ஊர்லயாவது பெட்ரோலு கம்மியானா வண்டி ஜாஸ்தி ஓடுமா? உன் ஊட்டுக்காரருக்குச் சாப்பாடு போட்டுப் போட்டு எல்லாத்தையும் அப்பிடியே நெனச்சிக்கினு கீற."

அவளும் சிரித்துவிட்டாள். பேச்சு அதோடு போய்விட்டது.

கடலூர்த் தம்பிக்குப் போன் போட்டோம். கடலில் இருந்தான் போலிருக்கிறது, காற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "டேங்கு மூடியில குட்டியா ஒரு திருகு இருக்குமே, தெறந்து இருக்கா?" என்று கேட்டான். மூடியின் நடுவில் இருந்த அந்தத் திருகை அக்கா தொட்டுப் பார்த்து, "தெறந்துதான் கீது, நீ வச்ச மாதிரியே கீது" என்றாள். உண்மைதான், திறந்துதான் இருந்தது. "அப்ப ரெக்கையப் பாருக்கா, ஏதாவது சிக்கியிருக்கும்" என்றான். பார்த்தோம். தண்ணீருக்குள் சுற்றுகிற அந்த மூன்று இலை ரெக்கையைக் கழற்றினால், உள்ளே நைலான் வலை நூல் ஒரு கொத்து! எங்கள் மூவருக்கும் தலைகால் புரியவில்லை. இவர் அந்த நூலைத் தூக்கிப் பிடித்து, பாம்பைப் பிடித்தவர் மாதிரி கரையெல்லாம் காட்டினார். ரெக்கையை மாட்டி, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, அக்கா போய்வந்தாள். எதிர்க்கரை வரைக்கும் போய், திரும்பியும் வந்துவிட்டாள்! நான் கைதட்டிய தட்டில் வளையல் ஒன்று உடைந்தது.

தலைவர் பார்க்க வருகிற நாள் வந்தது. அன்றைக்கேதான் அக்காவின் முறையும். காலையிலேயே நாங்கள் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டோம். இவருக்குத் திடீரென்று ஒரு பயம். "ரெக்கை சரியாயிடுச்சு. ஆனா வழியில பெட்ரோலு தீந்துபோச்சுன்னா அசிங்கமாப் பூடும்." கழுத்து வரைக்கும் ஊற்றினார். ததும்பத் ததும்ப ஊற்றி மூடியை இறுக்கினார். கரையில் ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள், தலைவர் இன்னும் வரவில்லை.

"அவரு வர்றதுக்குள்ள ஒரு தபா பாத்துடலாம். கூட ஒருத்தர் வாங்க. நின்னுட்டா துடுப்புப் போட என்னால ஆவாது" என்றாள் அக்கா.

"நான் கரையில நிக்கணும். சத்தத்த வச்சித்தான் எங்க கொறையுதுன்னு புடிக்க முடியும்" என்றார் இவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நானா? எனக்குத் தண்ணின்னாலே..."

பேச விட்டால்தானே! கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு லாரி டியூபை என் தலைவழியே மாட்டி இடுப்புக்கு இறக்கிவிட்டார். கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். படகு ஆடிய ஆட்டத்தில் என் குலதெய்வம் உட்பட எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுவிட்டேன். அக்கா கயிற்றை இழுத்தாள். கிளம்பியதும், சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. முகத்தில் காற்று, இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளையாகக் கிழிகிறது, முன்னால் மலை பெரிதாகிக்கொண்டே வருகிறது. "வேகமா போக்கா! இன்னும் வேகமா!" என்று கத்தினேன். பயமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

பாதி ஏரிகூடத் தாண்டவில்லை. சத்தம் இறங்கியது. முக்கியது. முனகியது. படுத்துக்கொண்டது.

அப்புறம் அந்த அமைதி இருக்கிறதே! அக்கா தூரத்தில் தெரிந்த மடுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மோட்டாரை, அதைச் செய்தவனை, விற்றவனை, அதன் ஏழு தலைமுறையைத் திட்டினேன். "உனக்குப் பொட்டு ஒரு கேடா? மாலை ஒரு கேடா? நீ வெளங்குவியா? பழைய இரும்புக்காரன்கிட்ட போடறேன் பாரு உன்ன!" தொண்டை காய்ந்ததும் தண்ணீரைப் பார்க்கப் பயந்து கீழே குனிந்தேன். காலடியில் குழாயும் அந்த ரப்பர் குமிழும் கிடந்தன. குமிழ் முட்டை மாதிரி இல்லை. இரண்டு பக்கமும் ஒட்டி, அப்பளமாகக் கிடந்தது.

"அக்கா, இது இன்னா இப்பிடி ஒட்டிக்கினு கீது?" என்று கையில் எடுத்தேன். பிசைந்து பார்த்தேன். உப்பவே இல்லை.

"தெரில. நான் பெட்ரோலு கீதான்னு பாக்கறேன்" என்று அக்கா டேங்கு மூடியைத் திருகினாள்.

புஸ்ஸ்ஸ்!

டேங்கு ஒரு பெருமூச்சு விட்டது. அதே நொடியில் என் உள்ளங்கைக்குள் அந்தக் குமிழ் உப்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்துவிட்டது.

"மூடுக்கா! இறுக்கி மூடு! இப்ப கெளப்பு!" கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் குமிழ் ஒட்ட ஆரம்பித்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டியது, ஒட்டியது, மோட்டார் முனகியது. "தெற! மூடியத் தெற!" புஸ். குமிழ் உப்பியது, மோட்டார் பழைய குரலில் பாடியது.

"ஐயோ அக்கா! எண்ணெ டின்னுக்கா! எண்ணெ டின்னு!" என்று டியூபோடு எழுந்து குதித்தேன். படகு சாயப் பார்த்தது.

"ஒக்காருடி பைத்தியமே! இன்னா எண்ணெ டின்னு?"

"ஊட்டுல எண்ணெ டின்ன ஓட்டை போட்டா ஒரு ஓட்டையா போடுவ? ரெண்டு போடுவல்ல? ஒண்ணுல எண்ணெ வரணும்னா இன்னொண்ணுல காத்து போவணும். இதுக்குக் காத்து போவலக்கா! உறிஞ்சி உறிஞ்சிப் பாக்குது, டேங்கு புடிச்சிக்குது. அதான் படுத்துக்குது!"

இருவரும் மூடியின் மேல் குனிந்தோம். திருகு திறந்துதான் இருந்தது. ஆனால் காற்று போவதற்கென்று அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய ஊசிமுனை ஓட்டையைக் காணோம். அந்த இடத்தில் சந்தனம். அதற்கு மேல் குங்குமம். அதற்கு மேல் மறுபடியும் சந்தனம். வெள்ளிக்கு வெள்ளி ஏறி, வெயிலில் காய்ந்து, கல்லாக இறுகியிருந்தது. மூடியில் பொட்டு வைக்க வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் நடுவில்தானே வைப்பார்கள்? கையெடுத்துக் கும்பிடுகிற எவளும் அங்கேதான் வைத்திருப்பாள்.

இதை எப்படிச் சொல்வது? ஆசை ஆசையாக வைத்தவள். அபசகுனம் என்று எடுத்துக்கொண்டால் படகையே விட்டுவிடுவாளே. ஆனால் என் வாய்தான் எப்போது காத்திருந்தது?

"உன் பொட்டுதான்க்கா அடச்சிருக்கு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "சாமிக்கு வச்சதுடி அது."

"சாமியா மூக்கு மேல வைக்கச் சொல்லிச்சு?"

என்னை முறைத்தாள். நான் பயந்தே போனேன். திடீரென்று சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! தோள் வலிக்க வலிக்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, முனையால் அந்தச் சந்தனத்தைக் குத்திக் குத்திப் பெயர்த்தாள். பெயர்த்ததைத் தண்ணீரில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். ஓட்டை வந்தது. கண்ணுக்கே தெரியாத ஓட்டை. வாயை வைத்து ஊதிப் பார்த்தாள், காற்று போனது. மூடியை இறுக்கிக் கயிற்றை இழுத்தாள். நான் குமிழைக் கையில் வைத்துக்கொண்டே கரை வரைக்கும் வந்தேன். அது ஒட்டவே இல்லை.

கரையில் இறங்குவதற்குள் இவருக்கு எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிட்டேன். இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒவ்வொரு தபாவும் நான்தான மூடியத் தெறந்தேன்! பெட்ரோல மாத்தச் சொல்லோ தெறந்தேன், டிரம்முல போடச் சொல்லோ தெறந்தேன். தெறந்ததால ஓடிச்சு, நான் ரிப்பேரு பண்ணதால இல்ல! ரொம்ப ஊத்தினா உள்ள காத்துக்கு எடம் கம்மி, அதான் சீக்கிரம் இழுத்துப் புடிச்சிக்கிச்சு. அக்கா சரியாத்தான் சொல்லியிருக்கு." அவர் தோற்றதைக்கூட அவ்வளவு உற்சாகமாகச் சொல்வார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆனால் தலைவர் வந்திருந்தார். படகு நின்றதை அவரும் பார்த்துவிட்டார்.

"நடுவுல நின்னுபோச்சேம்மா" என்றார் அக்காவிடம். பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர், "அதான் பாத்தாச்சே" என்றார்கள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ, லாரி டியூபைக் கழற்றாமலே அவர்கள் முன்னால் போய் நின்றேன். "இன்னா பாத்தாச்சு? நீங்க வர்றதுக்கு முன்னால நாங்க ஒத்திகை பாத்தோம், அதுல நின்னுச்சு. தனியா போயி தனியா வரணும்னுதான உங்க சட்டம்? அதுல நான் இருந்தனே! எம்மாம் பெரிய ஆளு நான்! அது தனியா போன கணக்கா? நீங்களே சொல்லுங்க தலைவரே!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டியூபையும் பார்த்தார். உதடு துடித்தது, சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "இந்தம்மா சொல்றது ஞாயந்தான். போ. தனியா போயிட்டு வா. இதோட சரி, இன்னொரு தபா கெடையாது" என்றார்.

அக்கா கரையோரக் குடிசைப் பக்கம் போய் எதையோ எடுத்து வந்து படகின் தரையில் போட்டாள். ஏறினாள். இடது கையால் கயிற்றை ஒரே இழு. மோட்டார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. நாங்கள் எல்லோரும் தண்ணீர் ஓரத்துக்கே ஓடிவிட்டோம். பாதி ஏரி. பாதி தாண்டியது. சத்தம் இறங்கவில்லை. "போவுது! போவுது!" என்று இவர் என் கையைப் பிடித்து நசுக்கினார். முன்பு நின்ற இடத்தையெல்லாம் தாண்டிச் சின்னப் புள்ளியாக எதிர்க்கரைக்குப் போய்விட்டாள். இனி திரும்ப வேண்டியதுதான் பாக்கி.

சத்தம் நின்றது.

ஒரேயடியாக நின்றது. "கயிறு இழுக்கறாளா பாருங்க, கயிறு இழுக்கறாளா?" என்று இவரை உலுக்கினேன். வெயிலில் கண் கூசியது, படகு அப்படியே நிற்பது மட்டும்தான் தெரிந்தது. பின்னால் ஒருவன், "அவ்ளோதாம்பா, யாராவது பரிசலு எடுங்க" என்றான். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பரிசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"இரு இரு" என்றார் தலைவர். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். "நிக்கிறா பாரு."

நின்றுகொண்டுதான் இருந்தாள். படகின் நடுவில், நிமிர்ந்து. இடது கை மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. படகின் பக்கத்தில் தண்ணீர் மேல் வெள்ளையாக ஒன்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதற்கும் தள்ளி இன்னொன்று. வலையின் மிதவைகள். மோட்டார் நிற்கவில்லை. அவள்தான் நிறுத்தியிருக்கிறாள். மடுவில் வலை விட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா, போயி திரும்பி வரணும்னு இல்ல சொன்னோம்?" என்றார் தலைவர், யாரைப் பார்த்து என்று தெரியாமல்.

"அக்கா வேலைக்குப் போயிருக்கு தலைவரே. வேலை முடிஞ்சா வரும்" என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தலையில் கட்டிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு மடுவுல ஆள் எறங்கியாச்சு. நாளைக்கு யாரு மொறை?"

நான் அங்கேயே ஈரமண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.